பதினேழாம் போர்ட்

கிடங்கில் தீ விபத்து நடந்து ஆறு வாரம். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். நெட்வொர்க் ஸ்விட்ச் அறையைத் திறந்தபோது காலை பத்து மணி. ஜன்னல் இல்லாத அறை. கருகிய ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை.

அடித்தளத்தை மூடிவிட்டார்கள். அதன் அலாரம் ஸ்பீக்கருக்கான கேபிள் துளையை, பதினேழாம் போர்ட்டை, பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். "நான் பாத்துக்கறேன், நீ அந்த ரூமுக்குப் போகாதே" என்றிருந்தான் அண்ணன். அவன்தான் இங்கே எனக்கு மேலதிகாரி. மூன்றாம் மாடியில் அவன் அறை.

அடித்தளக் காவலர் என் கணவர். தீப்பிடித்த அன்று அவர் வெளியே வரவில்லை. அலாரம் அடித்தும் தூங்கிவிட்டார் என்றது அறிக்கை. கீழே அண்ணன் கையெழுத்து.

அலாரம் மல்டிகாஸ்டில் போகும். குரல் ஒன்று, கேட்பவர் பலர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்விட்ச் விசாரிக்கும்: யாருக்கு வேண்டும்? பதில் சொன்ன போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். "உன்னை மாதிரிதான், ஓயாத விசாரணை" என்று சொல்லித்தான் அண்ணன் இதைக் கற்றுக்கொடுத்தான்.

பதிவுகளைத் திறந்தேன்.

தீப்பிடித்த நாள், காலை 9.40. பதினேழாம் போர்ட்டுக்குத் தடை. போட்டது அண்ணன். எடுத்ததாகப் பதிவே இல்லை.

போன் செய்தேன்.

"பதினேழை எதுக்குண்ணா தடுத்தே?"

"ஸ்பீக்கர் இரையுதுன்னு மாப்பிள்ளைதான் நிறுத்தச் சொன்னார். அரை மணி நேரம்னுதான்… மறந்துட்டேன், பாப்பா."

"தூங்கிட்டார்னு எழுதினியே."

"போனவருக்கு இனி என்ன? எனக்கு வேலை போயிருக்கும்."

ஆறு வாரம் என் கையைப் பிடித்து அழுதவன்.

தடையை எடுத்தேன்.

ஸ்விட்ச் விசாரித்தது.

பதினேழு பதில் சொன்னது.

குனிந்து பார்த்தேன். அந்தத் துளையில் கேபிளே இல்லை. மேலே பச்சை விளக்கு மட்டும் துடித்தது.

அது கேட்டது அலாரத்தை அல்ல. ஒரு கேமராவின் படத்தை. அதன் எண்ணைப் பட்டியலில் தேடினேன். மூன்றாம் மாடி, அண்ணன் மேசைக்கு மேலே.

"பாப்பா," என்றான், குரல் இறங்கியிருந்தது. "கேமரா என் பக்கம் திரும்புது. நீயா?"

"இல்லண்ணா."

"நான் நகர்ந்தா அதுவும் நகருது. கரண்டை நிறுத்து. சீக்கிரம்."

ஸ்விட்சின் பவர் கேபிள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கையைக் கட்டிக்கொண்டேன்.

மறுபடி விசாரித்தது ஸ்விட்ச். இந்தமுறை பதில் இன்னும் வேகமாக வந்தது.