பலகையில் நின்ற கால்கள்

ஜெஸீமாவின் வாப்பா அலியார் பலகையின் நடுவில் நின்றுவிட்டார்.

மூதூர் ஜெட்டியிலிருந்து படகுக்குப் போட்டிருந்த ஒடுக்கமான பலகை அது. கீழே கடல் சளக் சளக்கென்று அடித்தது. இயந்திரம் உறுமத் தொடங்கிவிட்டது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் இன்றைக்குத்தான் வாப்பாவுக்குக் கிளினிக். வேளை தவறாமல் விழுங்கும் குளிசை நேற்றே முடிந்துவிட்டது. இந்தப் படகை விட்டால் கிளினிக்கும் இல்லை, குளிசையும் இல்லை.

முதலில் ஏறிவிட்ட ஜெஸீமா படகிலிருந்து கையை நீட்டினாள். "நடங்க வாப்பா."

"நடக்கத்தான் பார்க்கிறன் மகள். கால் கேக்குதில்ல."

பாதங்கள் பலகையில் ஒட்டியதுபோல் இருந்தன. முழங்கால்கள் மட்டும் நடுங்கின. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"காலங்காத்தாலயே குடிச்சிட்டாரோ?" என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். குடியை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

ஜெஸீமாவுக்குத் தெரியாதவர்களோடு கதைக்க வராது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட கையை மட்டும்தான் உயர்த்துவாள். ஆனால் இப்போது வாயைத் திறந்தாள்.

"குடி இல்ல. வருத்தம். பாக்கின்சன் நோய்."

தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. டொக்டர் விளக்கியதை மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். மூளையின் உயிர்க்கலங்களுக்குள் பழுதான புரதங்களைத் துண்டுதுண்டாக்கி அகற்றும் வேலை ஓயாமல் நடக்கும். வாப்பாவுக்கு அந்த வேலை சரியாக நடப்பதில்லை. புரதக் குப்பை கட்டிகட்டியாகச் சேருகிறது. நடையை ஒழுங்குபடுத்த உதவும் கலங்கள் சாகின்றன. காலில் பலம் இருக்கிறது. நடையைத் தொடங்கச் சொல்லும் செய்திதான் ஒழுங்காக வருவதில்லை. அந்தக் குப்பையை விளக்குமாற்றால் கூட்டித் தள்ள ஏலாதா என்று அவள் கேட்டாளாம். அப்படியொரு விளக்குமாற்றைத்தான் உலகம் முழுக்கத் தேடுகிறார்கள் என்றாராம் டொக்டர்.

சிரிப்பு நின்றது.

படகில் வேலை செய்யும் றிக்சனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறுபவர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து ஒரே இழுவை. ஆளுக்கும் அதுதான், அரிசி மூட்டைக்கும் அதுதான். உதவி செய்ய நினைத்து வாப்பாவையும் அப்படியே இழுத்தார்.

மேலுடம்பு மட்டும் முன்னே சரிந்தது. கால்கள் அசையவில்லை. பலகை ஆடியது.

"இழுக்காதீங்க அண்ணா. விழுந்திடுவார்."

றிக்சன் பதறிப்போய் வாப்பாவின் தோளைத் தாங்கி நிமிர்த்தினார். "அப்ப என்ன செய்யிறது தங்கச்சி? படகு வெளிக்கிட வேணுமே."

ஜெஸீமா வாப்பாவின் பாதங்களைப் பார்த்தாள். சற்று முன்புதான் அவர் ஜெட்டியின் படிகளில் யாரும் பிடிக்காமலே ஏறினார். தட்டையான பலகையில்தானே நின்றார்? படியில் தாண்டுவதற்கு ஒரு விளிம்பு கண்ணுக்குத் தெரியும். இங்கே ஒன்றுமே இல்லை.

அவள் பலகையில் இறங்கிக் குந்தியிருந்து, தன் குடையை நீட்டி வாப்பாவின் கால்விரல்களுக்கு முன்னால் குறுக்கே வைத்தாள்.

"ஒருத்தரும் அவசரப்படுத்தாதீங்க. வாப்பா, இது படி. தாண்டுங்க."

வாப்பா குடையையே பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வலது குதிகால் மெல்ல எழுந்தது. பாதம் குடையைத் தாண்டியது. இடது பாதமும் வந்தது. ஜெஸீமா பின்னுக்கு நகர்ந்து குடையை மறுபடி அவர் முன்னால் வைத்தாள். இன்னொரு படி. இன்னொன்று. கடைசியில் வாப்பா படகுக்குள் காலை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று இருக்கையில் சாய்ந்தார்.

திருகோணமலையில் இறங்கும்போது குடை தேவைப்படவில்லை. றிக்சனே ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துப் பலகைக்குக் குறுக்கே போட்டார். வாப்பா அதைத் தாண்டி நடந்தார். பின்னால் வந்த அத்தனை பேரும், குடியென்று சொன்னவர் உட்பட, காலை உயரத் தூக்கித் தாண்டியே இறங்கினார்கள்.