பழைய எண் பதினொன்று

காலை 6.10. தையற்காரர் தன் வீட்டு வாசலிலேயே விழுந்து கிடந்தார். மண்டை பிளந்திருந்தது, மூச்சு மட்டும் மிச்சம். கதவு சுக்குநூறு. போன வருஷம் நகராட்சிக்காரர்கள் பழைய எண்களை அழித்துவிட்டு அடித்த நீலத் தகடு மட்டும் பளபளவென்று இருந்தது: 11. அதே தெருவில் 3-க்கும் 8-க்கும் இதே கதி. மறுநாள் வாக்குப்பதிவு.

மூன்றுமே குடைச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுகிற வீடுகள். தையற்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், குடைக் கொடி தைத்துத் தைத்தே விரல் தேய்ந்தவர். அடித்தது ஏணிக் கட்சிக்காரன்தான் என்று ஆலைக் குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சு. தன்னை ஏணிக்காரன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு அங்கே வந்துபோகிறவன் ஒரே ஆள், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் தபால்காரன். 7.30-க்குள் அவனை ஆலைத் தொழிற்சங்க அறையில் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். தையற்காரர் பிழைக்காவிட்டால் பூட்டைத் திறப்போம், அப்புறம் போலீசிடம் ஒப்படைக்க ஆள் இருக்காது என்று வாசலில் இருநூறு பேர் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள்.

நோட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. தபால்காரன் அவர் மனைவியின் தம்பி. அவள் சங்க அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டு மணியிலிருந்து கதறிக்கொண்டிருந்தாள். அது போதாதென்று, குடைக் கட்சிக்காக அவர் இருபது வருஷமாக எழுதிவந்த நோட்டையும் அலமாரியில் காணோம். எந்த வீட்டில் குடை ஓட்டு, எந்த வீட்டில் ஏணி ஓட்டு என்று, பேர் போடாமல், வாக்காளர் பட்டியலின் கதவு எண் வரிசைப்படி குறித்துவைத்த நோட்டு அது. அந்தப் பெருமையில்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது.

9.05. நோட்டு காணாமல் போனதைக் கேள்விப்பட்டு இன்ஸ்பெக்டர் நோட்டுக்காரர் வீட்டுக்கு வந்தாள். கூட இரண்டே கான்ஸ்டபிள்கள்.

"நோட்டு எங்க இருந்துச்சு?"

"அலமாரில. சாவி பக்கத்துல ஆணில தொங்கும்."

"வீட்டுக்குள்ள யார் யார் வருவாங்க?"

"மச்சான் வருவான். அப்புறம் தேர்தல் பொறுப்பாளர். கட்சில வெளியூர்லேருந்து அனுப்பிருக்காங்க. பத்து நாளா நம்ம வீட்லதான் சாப்பாடு."

கஞ்சி போட்ட சட்டையோடு வாசற்படியில் நின்ற பொறுப்பாளர் சிரித்தான். "மேடம், எங்க ஆளுங்களையே நாங்க அடிப்போமா?"

"நியாயம்தான்," என்றாள் இன்ஸ்பெக்டர். நோட்டுக்காரரைச் சமையலறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இங்க ஏணி வீடு எத்தனை?"

அவர் உதட்டைக் கடித்தார். "மூணு."

"பேர் வேண்டாம். நோட்டுல இருக்கற நம்பர் மட்டும் சொல்லுங்க."

"மூணு, எட்டு..." குரல் கம்மியது. "பதினொன்னு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "வாக்காளர் பட்டியல்ல கதவு நம்பரை மாத்திட்டாங்களா?"

"அதை எங்க மாத்துனாங்கம்மா? இன்னும் பழைய நம்பர்தான்..." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் நோட்டில் பதினொன்று என்றால் அது தையற்காரர் வீடே இல்லை.

"உங்க மச்சானுக்கு ரெண்டு நம்பரும் தூக்கத்துலகூடத் தெரியும். தினமும் கடுதாசி போடற ஆளு. அவர் வீடு மாறித் தட்ட மாட்டாரு. நோட்டுல இருந்த நம்பரைக் கதவுத் தகட்டுல தேடுனவன் இந்தத் தெருவுக்குப் புதுசு. ஏணிக்காரங்க நாளைக்கு வெளியவே வரக்கூடாதுன்னு மிரட்ட வந்தவன், உங்க ஆளுங்களையே அடிச்சுப் போட்டுட்டான்."

9.40. குடைக் கட்சி அலுவலகத்தில் பொறுப்பாளரின் மெத்தைக்கு அடியில் நோட்டு கிடைத்தது. அவன் முகம் வெளுத்தது, வாய் மட்டும் ஓயவில்லை. "யாரோ வெச்சிருக்காங்க! போலீஸ் ஏணிக்கு வேலை பாக்குது!" கூட்டம் அதையே பிடித்துக்கொண்டது. யாரோ கடப்பாரையை எடுத்துக்கொண்டு சங்க அறைப் பக்கம் போனான்.

"நான் சொன்னா இவங்க நம்ப மாட்டாங்க," இன்ஸ்பெக்டர் நோட்டுக்காரர் காதோடு சொன்னாள். "நம்பர் எப்படி மாறுச்சுன்னு காட்ட ஒரு வீட்டையாவது நீங்க சொல்லியாகணும்."

ஒரு வீட்டைச் சொன்னால் அந்த வீட்டு ஜன்னலில் நாளைக்குக் கண்ணாடி இருக்காது. சொல்லாவிட்டால் மச்சான் இருக்கமாட்டான். நோட்டுக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சங்க அறைப் படியில் ஏறினார்.

"நோட்டுல மூணு ஏணி வீடு எழுதிருக்கேன். எல்லாம் பழைய நம்பர். இவன் புது நம்பர்ல தேடிட்டான். மத்த ரெண்டு வீடும் யாருதுன்னு என்னைக் கொன்னாலும் சொல்ல மாட்டேன். பழைய பதினொன்னு என் வீடு. என் பொண்டாட்டி ஏணிக்குத்தான் போடுவா."

கடப்பாரை அந்தரத்தில் நின்றது. அவர் மனைவி கதவை விட்டுவிட்டுத் திரும்பினாள். "என்னங்க... உங்களுக்குத் தெரியுமா?"

"உன் முகத்தைப் பாத்தாத் தெரியாதா? நோட்டுல பொய் எழுத எனக்கு மனசு வரலடி."

கான்ஸ்டபிள் ஒருவர் பொறுப்பாளரின் சட்டைக் காலரைப் பிடித்தார். யாரோ முணுமுணுத்தபடி பூட்டுச் சாவியை நீட்டினான். வீங்கிய முகத்தோடு தபால்காரன் வெளியே வந்து அக்கா தோளில் சாய்ந்தான்.

தையற்காரரின் மனைவி மாற்றுத் துணி எடுத்துப்போக அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள், கூட்டம் வழிவிட நோட்டுக்காரர் எதிரே வந்தாள். அழவில்லை.

"அண்ணா, அப்போ அந்த அடி உங்க வீட்டுக்கு வர வேண்டியதா?"

"ஆமாம்மா," என்றார் நோட்டுக்காரர்.