எழும்பாத இருக்கை

காலையில் ஷட்டரைத் தூக்கியபோது ட்ரக்டர் முதல்நாள் விட்ட இடத்தில் நிற்கவில்லை. ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. வேலைக்கு வரும் எந்த மெசினுக்கும் சக்கரத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போடுவது எட்வேட்டின் வழக்கம். அவர் படுக்கையில் விழுந்த பிறகும் மனைவி பெர்னடெற் அதை விடவில்லை. இப்போது அந்தக் கோடு சக்கரத்துக்குப் பின்னால், எதையும் சுற்றாமல், ஈரத் தரையில் தனியே கிடந்தது.

லூயிஷாம் ரயில்பாதைக்குக் கீழே இருந்த செங்கல் வளைவு ஒன்றுதான் அவர்களுடைய கராஜ். மேலே ரயில் போகும்போது சுவரில் தொங்கும் சாவிகள் ஒன்றோடொன்று உரசும். கூரையிலிருந்து எப்போதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். ரயில் அதிர்வில் நகர்ந்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு குனிந்து ட்ரக்டரின் பின்பக்கத்துச் சிறிய நெம்புகோலைப் பார்த்தாள். அது உள்ளே தள்ளியபடியே இருந்தது. அதை வெளியே இழுத்தால் மட்டும்தான் எண்ணெய் சுற்றிப்போக வழி கிடைத்து, எஞ்சின் ஓடாதபோதும் சக்கரம் உருளும். உள்ளே இருந்தால் எண்ணெயே சக்கரங்களைப் பிடித்து வைத்திருக்கும். நாலு பேர் தள்ளினாலும் அசையாது.

அவளுக்குப் பயம் வரவில்லை. ஏழு மாதமாக எதுவும் வரவில்லை. இரவு முழுக்கக் கையை உடம்புக்கு அடியில் வைத்துப் படுத்தால் காலையில் அந்தக் கை வேறு யாருடையதோ போல இருக்குமே, அப்படித்தான் அவள் முழுதாக இருந்தாள். புதிதாகக் கோடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

ட்ரக்டரைத் திங்கட்கிழமை வாடகை வான் ஒன்றில் ஏற்றிக் கொண்டுவந்தவர் யோகலிங்கம். செவன் கிங்ஸில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர்; மைதானத்தில் புல் வெட்ட ஏலத்தில் எடுத்திருந்தார்.

"தங்கச்சி, இது என்ன மொடல், எந்த வருசம் எண்டு கண்டுபிடிச்சுச் சொல்லும். பாட்ஸ் எடுக்கவேணும்."

"கண்டுபிடிக்கலாம் அண்ணை. வானில இருந்து எப்பிடி இறக்கினனீங்கள்?"

"நியூற்றலில போட்டு இழுத்தனாங்கள். சனியன், அசைய மாட்டன் எண்டுது."

"இதில கியரே இல்லை அண்ணை. நீங்கள் எங்க இருந்து நியூற்றல் எடுத்தனீங்கள்?"

"அப்ப அந்தத் தடி?"

"அது பிளேட்டைத் தூக்கிறது. இது ஹைட்ரோ. கியருக்குப் பதிலா எண்ணெய்தான் சக்கரத்தைச் சுத்துது. பெடலை முன்னுக்கு அமத்தினா முன்னுக்குப் போகும், பின்னுக்கு அமத்தினா பின்னுக்கு."

"பிள்ளை, நான் வவுனிக்குளத்தில பதின்மூண்டு வயசில லாண்ட்மாஸ்டர் ட்ரக்டர் ஓடின ஆள். எனக்கே படிப்பிக்கிறீர்."

"ஓம், அதுதான் ரோட்டில ரெண்டு கறுப்புக் கோடு கிடக்கு."

அவர் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தொப்பியைக் கழற்றினார். "எட்வேட் எப்பிடி?"

"அப்பிடியேதான்."

வேறெதையாவது பேசவேண்டும் என்பதுபோல, ட்ரக்டரின் பழைய சொந்தக்காரரைப் பற்றிச் சொன்னார். கென்ற் பக்கம் தனியே இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவரைக் கண்டெடுத்தபோது செத்தபடி இதன் மேலேயே இருந்தாராம். பெற்றோல் முடிந்துதான் மெசின் நின்றதாம்.

எட்வேட்டுக்கு வைகாசியில் ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கண்கள் திறந்திருக்கும். யாரைப் பார்க்கின்றன என்று சொல்ல முடியாது. காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் போன கிழமை கதவடியில் நின்று தணிந்த குரலில் சொன்னாள்: வெள்ளிக்கிழமையும் வலது காலில் ஒரு அசைவும் இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து இனித் தன்னை அனுப்ப மாட்டார்கள். ஒரு விரல் அசைந்தால் போதும். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

பெர்னடெற் ட்ரக்டரைத் துடைத்தாள். சீற்றுக்குக் கீழே இலக்கத் தகடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. பெயின்ற்றைச் சுரண்டினாள். பச்சைக்குக் கீழே சிவப்பு, அதற்குக் கீழே பழுப்பேறிய வெள்ளை. எஞ்சினின் மேல்தகட்டில் கரிக்கு அடியில் எண்கள் தட்டுப்பட்டன. முதல் இரண்டும் வருடம், அடுத்த இரண்டும் மாதம். எழுபத்தெட்டு, கார்த்திகை. பின்னால் அலுமினியப் பெட்டியின் தலையில் ஒரு சிறிய விசிறி. எண்ணெயைச் சூடேறாமல் வைத்திருப்பது அதுதான். அதன் செட்டைகளுக்குள் எத்தனையோ வருடத்துப் புல் காய்ந்து மண்ணாகியிருந்தது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். எண்ணெயை இறக்கினாள். கறுப்பு எண்ணெயில் எரிந்த வாசமும், அதற்குள் வேறொரு வாசமும் இருந்தது. கன நாள் திறக்காத அறையில் யாரோ படுத்திருந்த வாசம். வீட்டில் எட்வேட்டின் தலையணையில் வருவது. எண்ணெய் வடிகட்டியை மாற்றி, புது எண்ணெய் விட்டு, கையைக் கழுவினாள். இரண்டு தரம் கழுவினாள்.

மூன்றரைக்கே வெளியே இருட்டிவிட்டது. மிஞ்சியிருந்தது ஒரே வேலை. எஞ்சின் ஓடும்போது, பெடலில் கால் வைக்காவிட்டாலும் ட்ரக்டர் மெல்ல ஊர்ந்தது. ஹைட்ரோ மெசின்களில் இது வழமையான கோளாறுதான். பின் சக்கரங்கள் இரண்டையும் நிலத்திலிருந்து தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சக்கரம் நிற்கும்வரை ஒரு நட்டைத் திருப்பவேண்டும். ஆனால் சீற்றுக்குக் கீழே ஒரு சுவிட்ச் உண்டு. சீற்றில் பாரம் இல்லாவிட்டால் எஞ்சின் உடனே நின்றுவிடும். வயர் போட்டு அந்தச் சுவிட்சை ஏமாற்ற எட்வேட் ஒருநாளும் விட்டதில்லை. பக்கத்துக் கடையிலிருந்து இருபது கிலோ அரிசி மூட்டையை எடுத்துவந்து சீற்றில் இருத்திவிட்டு வேலை செய்வார். "ஐயா இருக்கிறார், இனிப் பயமில்லை" என்பார் மூட்டையைத் தட்டி.

அவளும் மூட்டையை வைத்தாள். சீற் இரண்டு விரற்கடை தாழ்ந்தது. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமி, பிறகு சீராக ஓடியது. சக்கரங்கள் அந்தரத்தில் மெல்லச் சுற்றின. நட்டைக் கால் சுற்றுத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம். சக்கரங்கள் நின்றன. சரி. எஞ்சினை நிறுத்துவதற்காக மூட்டையைத் தூக்கினாள்.

எஞ்சின் நிற்கவில்லை.

சுவிட்ச் இறுகிவிட்டது என்று நினைத்துக் குனிந்தாள். சுவிட்ச் இறுகவில்லை. சீற் எழும்பவில்லை. மூட்டை அவள் கையில் இருந்தது. சீற்றின் இரண்டு ஸ்பிரிங்குகளும் அரிசிக்குத் தாழ்ந்ததைவிட ஆழமாக, ஒரு முழு ஆளின் பாரத்துக்கு, அமுங்கிக் கிடந்தன. பழைய தோலில் நடுவே இரண்டு பள்ளங்கள்.

பெடல் கீழே போனது. முன்பக்கம். மெதுவாக.

சக்கரங்கள் சுற்றத் தொடங்கின.

போன் அடித்தது. ஷெறோன். பத்தொன்பது வயது மகள். மத்தியானத்திலிருந்து தகப்பனோடு இருப்பாள்.

"அம்மா! அப்பாட கால் மூவ் பண்ணுது. ரைட் லெக். ஐ ஸ்வெயர், அம்மா, பெட்ஷீற்றுக்குள்ள அமத்தி அமத்தி..."

பெர்னடெற் பெடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை தானாகச் சாவிக்குப் போனது. திருப்பினாள். எஞ்சின் நின்றது. கூரையிலிருந்து சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"நிண்டிட்டுது" என்றாள் ஷெறோன். பிறகு குரல் மாறியது. "அம்மா. அப்பா மூச்சு விடேல்லை. அம்மா, அப்பாக்கு மூச்சு..."

சாவியை மறுபக்கம் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது.

போனில் நீண்ட ஒரு மூச்சு இழுபட்டது. ஷெறோன் அழுதாள். "ஓகே. ஓகே. மூச்சு வருது. நான் அம்புலன்ஸுக்கு அடிக்கிறன்."

"வைக்காதை" என்றாள் பெர்னடெற். "போனை வைக்காதை, பிள்ளை."

பெற்றோல் தாங்கியைத் திறந்து பார்த்தாள். கால்வாசிதான் இருந்தது. ஓடும் எஞ்சினுக்குப் பெற்றோல் விடக்கூடாது. பெற்றோல் கானை எடுத்துத் தாங்கிக்குள் விட்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றாள், எட்வேட்டைக் கூப்பிடுவதுபோல, வெறும் சீற்றைப் பார்த்து.

பெடல் ஒரு தரம் அமுங்கி எழும்பியது.

அப்போது போனில் கட்டில் முனகியது. "அம்மா" என்றாள் ஷெறோன், சிரிப்பும் அழுகையுமாக. "அப்பா கட்டில்ல நிமிர்ந்து இருக்கிறார். தானாவே. ஓ மை கோட், எழும்புறார். அம்மா, அப்பா எழும்பி நிக்கிறார்!"

ஏழு மாதமாக மரத்திருந்த ஏதோ ஒன்று பெர்னடெற்றுக்குள் அசைந்தது. கும்பிடக் கையைத் தூக்கினாள்.

சீற் எழும்பவில்லை.

ஸ்பிரிங்குகள் அப்படியே அமுங்கியிருந்தன. எட்வேட் இங்கே இருந்தார். எழும்பிப் போகவில்லை. இங்கேதான் இருந்தார். அங்கே எழும்பியது அவரில்லை.

"ஷெறோன்" என்றாள். "வெளியில வா. அறையை விட்டு வெளியில வா."

"வை? அம்மா, ஹி இஸ் வோக்கிங்."

போனில் காலடிகள் கேட்டன. வலது, இடது. வலது, இடது. ஊன்றுகோல் இல்லை. தடுமாற்றம் இல்லை. மரத்தரையில் இரண்டு கால்களும் ஒரே பாரத்தில் விழுந்தன.

"அப்பா?" என்றாள் ஷெறோன்.

ட்ரக்டரின் பெடல் பின்பக்கம் அமுங்கியது. முழுதாக, தகட்டில் இடிக்கும்வரை. விட்டு, மறுபடி. மறுபடி. சீற் குலுங்கியது. பின் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில், தாங்கிகளின் மேல், கதவுப் பக்கமாக, வீட்டுப் பக்கமாக, எதையும் தொடாமல் வேகமாக, இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.