கால்படாத இடத்தில் ஊற்றிய பால்

நடு அறையின் கூரையில் பதித்திருந்த வட்டத் தட்டில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளையாய் இறங்குகிற பகல் வெளிச்சத்துக்கு நடுவே, மஞ்சளாக ஏதோ ஈரம் படிந்திருப்பதைக் காலை பத்து மணிக்கு மலர்கொடிதான் முதலில் பார்த்தாள். மரக்காணத்தில் மழை பெய்து மூன்று மாதமாகிறது. ஈரம் எங்கிருந்து வரும்?

இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்; ஜன்னல் வைக்க வழியில்லாத அந்த அறையில்தான் அவள் மகள் நிவேதா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பிள்ளையைப் பகலிலும் இருட்டில் போட்டு வைக்கக் கூடாதென்று மெட்ராசில் வேலை பார்க்கும் மருமகன் ஒற்றைக்காலில் நிற்க, மொட்டைமாடியில் ஒரு கண்ணாடி மூடி, வெயிலை அறைக்குள் இறக்க அதிலிருந்து கூரை வரைக்கும் உள்ளே கண்ணாடியாய் மின்னுகிற ஒரு குழாய், குழாயின் கீழ் முனையில் இந்தத் தட்டு என்று மேஸ்திரி அந்தோணிசாமி வந்து மாட்டிவிட்டுப் போனார். "உப்புக் காத்துங்க. ஓரத்துப் பசை விட்டுடும். அப்பப்ப பாத்துக்கங்க" என்றும் சொன்னார். யார் காதில் வாங்கினார்கள்?

நிவேதாவுக்குப் பால் ஏகமாய்ச் சுரந்தது. கட்டிக்கொள்ளாமலிருக்கப் பீய்ச்சி எடுத்த பாலைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது. மிதிபட்டாலோ எறும்பு மொய்த்தாலோ தாய்க்கு வற்றிப்போகும். கால்படாத இடமாகப் பார்த்துச் செடிக்கு ஊற்றுவார்கள். உப்பளத்தை ஒட்டிய தெருவில் செடிக்கு எங்கே போவது? அதனால் மலர்கொடி தினமும் டம்ளரோடு மாடி ஏறி, யாரும் கால் வைக்காத கண்ணாடி மூடியின் ஓரத்தில் ஊற்றிவந்தாள். பதினெட்டு நாளாக இதே வேலை.

தட்டுக்கு நேர் கீழே போய் நின்று முகர்ந்தாள். உவ்வே! புளித்த பாலும், செத்த எலியும், அதோடு பிள்ளையின் உச்சந்தலை வாசனையும் கலந்த நாற்றம். அந்தக் கடைசி வாசனைக்குத்தான் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"உனக்கு நாறலியாடி?"

"நல்லாத்தாம்மா இருக்குது." நிவேதா தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"புள்ளைக்குக் குடுத்தியா?"

"அது குடிக்க மாட்டேங்குது."

மூன்று நாளாக இதே பேச்சு. பேரனின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இப்படியே விட்டால் பிள்ளை தங்காது என்று மலர்கொடிக்குத் தெரிந்தது. "மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஆட்டோ சொல்லிட்டேன்" என்றாள்.

அப்போது கேட்டது. சப். சப். சப்.

பிள்ளை பால் குடிக்கிற சத்தம். நிவேதாவின் மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது.

தலைக்கு மேலே, தட்டில் உதடு போல ஒரு நிழல் ஒட்டி ஒட்டி விலகியது. பல்லியா? பல்லிக்கு ஏது உதடு?

மாடிக்கு ஓடினாள். மண்டையைப் பிளக்கும் வெயில். மூடியின் ஓரத்துப் பசை இரண்டு விரல் அகலத்துக்குப் பிளந்திருந்தது. ஊற்றிய பாலெல்லாம் உள்ளே போயிருக்கிறது. ஓர் எறும்பு இல்லை. ஓர் ஈ இல்லை. குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள்.

குழாய் முழுக்க அடைத்துக்கொண்டு, திரிந்த பால் போல வெள்ளையாய், பிசுபிசுப்பாய் ஏதோ இருந்தது. தோல். மூச்சு விடுகிற தோல். நடுவில், பச்சைப் பிள்ளைக்குத் துடிப்பது போலவே, உச்சிக்குழி துடித்தது.

அங்கேயே வாந்தி எடுத்தாள். சீ! இந்தக் கையால், இதற்கா ஊட்டினேன்?

உச்சிக்குழி கீழே இறங்கியது. வழுக்கிக்கொண்டு. கீழே தட்டு உடைந்தது.

படிகளில் விழுந்தடித்து இறங்கினாள்.

பேரன் தரையில் கிடந்தான். அழத் தெம்பில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

நிவேதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கூரைத் துளையிலிருந்து தொங்கிய வெள்ளையை மடியில் ஏந்தி, முந்தானையால் மூடியிருந்தாள். அதன் மிச்ச உடம்பு இன்னும் குழாய்க்குள். சப். சப்.

"சத்தம் போடாதம்மா" என்றாள், அதைத் தட்டிக்கொடுத்தபடி. "இப்பதான் புள்ள நல்லா குடிக்கிறான்."

மலர்கொடி பேரனை வாரி மார்போடு அணைத்தாள். ரவிக்கை நனைந்தது. இருபத்துநாலு வருஷமாக வற்றிக் கிடந்த மார்பு. பால். பேரன் முகர்ந்து பார்த்து, வாயைத் திறந்தான்.

சப்புகிற சத்தம் நின்றது.

முந்தானைக்குள் அது மெல்லத் தலையைத் திருப்பியது, அவள் பக்கம்.