பிற்பகல் அமர்வில் ஒரு வெள்ளம்

வெள்ளநீர் மாமன்ற மாநாட்டின் மூன்றாம், கடைசி நாள் காலை, தில்லைநாயகி தன் பதிலாளுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கொசுவம் நிற்கவில்லை. பதிலாள்களுக்கு இடுப்பு வைக்காதது தயாரிப்பாளர்களின் குறை. மூன்று முறை எழுதிப்போட்டும் அவர்கள் காதில் ஏறவில்லை.

"வயித்த எக்கு," என்றாள்.

"எனக்கு ஏதுங்க வயிறு?" என்றது பதிலாள், அச்சு அசல் அவள் குரலில்.

கழிமுக நகரத்தில் இது பல் துலக்குவது போல ஒரு வேலை. மாநாடு, கருத்தரங்கு, பாராட்டு விழா எதுவானாலும் மனிதர்கள் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. பதிலாள்கள் என்ற மனித உருவ இயந்திரங்கள்தான் போகும். அவற்றுக்குக் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கிய முதல் ஓராண்டு உரியவரின் பின்னாலேயே அலைந்து, அவர் எங்கே கைதட்டுகிறார், எப்போது கொட்டாவி விடுகிறார், எதற்குத் தலையாட்டுகிறார் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளும். பிறகு அவரைப் போலவே நடந்துகொள்ளும். அதைவிட நேர்மையான கண்ணாடி உலகத்தில் இல்லை. ஆனால் யாரும் அதில் முகம் பார்த்ததில்லை.

தில்லைநாயகி கீழ்வளையத்தின் மழைநீர் வடிகால் பொறியாளர். கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில், கடல்மட்டத்துக்கு ஓர் அடி கீழே கிடக்கும் வட்டாரம் அது. அறுபத்து மூவாயிரம் பேர், எல்லாரும் கால்வீடுகளில். வெள்ளம் வந்தால் வீட்டின் நான்கு இரும்புக் கால்களும் நீண்டு, வீட்டை ஒன்பது அடிக்குத் தூக்கிவிடும். அதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அத்தனை வீடும் ஒரே நேரத்தில் எழுந்தால் நகரத்தின் மின்சாரம் முழுவதையும் குடித்துவிடும் என்பதால் கால்கள் பூட்டியே கிடக்கும். பூட்டைத் திறக்க, வீடுகளைத் தூக்கச் சொல்லும் தூக்காணை வேண்டும்.

மேகத்தையும் கடலையும் ஆற்றையும் ஓயாமல் அளந்து வெள்ளத்தை முன்கூட்டியே சொல்ல மழைக்கணி என்றொரு இயந்திரம் இருந்தது. ஆணையை அதுவே போடலாம். ஆனால் இயந்திரம் சொல்லி மனிதன் வீட்டைத் தூக்குவதா என்று ரோஷப்பட்டு, பெரியவர்கள் ஒரு விதி எழுதிவைத்தார்கள். மழைக்கணி வெள்ளத்தைப் பற்றி மாமன்றத்தில் மட்டுமே வாய் திறக்கலாம். நிபுணர்கள் கேட்டுத் தீர்மானம் போட்ட பிறகுதான் ஆணை.

பதிலாளை அனுப்பிவிட்டு தில்லைநாயகி கடலோர வடிகாலுக்குப் போனாள். மகள் இசைவாணி ஏழு மாதக் கர்ப்பம், வீட்டில் படுத்திருந்தாள். வெளியே சுள்ளென்று வெயில். மேகம் என்று சொல்ல ஒரு துணுக்கு இல்லை. வடிகாலின் வாயில் ஓதக்கதவு இருக்கிறது. மழைநீரைக் கடலுக்கு விடும், கடலை உள்ளே விடாது. அன்று அந்தக் கதவைத் தாண்டி ஒன்றரை மைல் உள்ளே, சொட்டு மழையில்லாத நாளில், வடிகாலில் முழங்கால் ஆழம் தண்ணீர் நின்றது. விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. கொஞ்சம் தள்ளி ஒரு ஜெல்லி மீன் தன் சொந்த ஊர் போல மிதந்துகொண்டிருந்தது.

தில்லைநாயகிக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் முதல் பல் மருத்துவர் வரை எல்லாரையும் சந்தேகப்பட்டுப் பழகியவள். உடனே மழைக்கணியின் அன்றாட அறிக்கையைத் திறந்தாள். பதினொரு நாட்களாக ஒரே வரி: 'மழை இல்லை. மற்றவை மாமன்றத்தில்.' மற்றவை என்றால் என்ன மற்றவை? யாரோ எதையோ அமுக்குகிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள். யார் என்றும் அதே மூச்சில் முடிவுகட்டினாள்.

மாமன்றச் செயலாளர் முகுந்தராசன்தான். போன ஆண்டு கீழ்வளையத்தில் வைத்த புது நீரேற்றி இயந்திரங்களுக்கு, 'ஆறடி வெள்ளத்தையும் அரை மணியில் குடித்துவிடும்' என்று கையெழுத்துப் போட்டவர் அவர். வெள்ளம் வந்தால் அந்தக் கையெழுத்தின் வண்டவாளம் வெளியே வந்துவிடும் அல்லவா? அவரை அழைத்தாள்.

"சார், அறிக்கையில மற்றவைன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"அதெல்லாம் மாநாட்டுல வருது மேடம்."

"நீங்க மாநாட்டுலதானே இருக்கீங்க?"

மறுமுனையில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"என் பதிலாள் இருக்கு. நீங்க ஏன் மேடம் வெயில்ல நிக்கிறீங்க? உங்க பதிலாளக் கேட்டா சொல்லிட்டுப் போவுது."

பேச்சை மாற்றுகிறார், கவனித்துக்கொண்டாள். தன் பதிலாளை அழைத்தாள். அது எடுக்கவில்லை. அரங்கில் உட்கார்ந்தால் அழைப்பை ஊமையாக்கிவிடுவது அவளுடைய பழக்கம். ஆகவே அதனுடைய பழக்கமும் அதுதான். வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக மாநாட்டுக்கே போனாள்.

வாசலில் இருந்த இயந்திரம் அவளை மேலும் கீழும் பார்த்து, "உயிராளா?" என்று இரண்டு முறை கேட்டது. பிறகு ஒரு சணல் பையும் எழுதாத பேனாவும் கொடுத்து உள்ளே விட்டது.

உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு பதிலாள்கள் அமர்ந்திருந்தன. மேடையில் ஒரு பதிலாள் இன்னொரு பதிலாளுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தது. மூன்றாம் வரிசையில் ஒன்று எழுந்து, "இது கேள்வி இல்ல, சின்னதா ஒரு கருத்து," என்று தொடங்கி ஆறு நிமிடம் பேசியது. பன்னிரண்டரை அடித்ததும், பேசியவர் முடிப்பதற்குள் மொத்த அரங்கும் எழுந்து சாப்பாட்டுக்கு ஓடியது.

சாப்பிட வாய் இல்லாத நானூறு உருவங்கள் காலித் தட்டுகளுடன் வரிசையில் நின்றன. ஒன்றையொன்று முழங்கையால் இடித்தன. காலித் தட்டைப் பார்த்து, "சாம்பார்ல பெருங்காயம் தூக்கல்," என்று ஒன்று குறை சொன்னது. "போன வருஷம் ரெண்டு ஸ்வீட் வச்சான்," என்றது அடுத்தது. தில்லைநாயகிக்கு உண்மையாகவே பசித்தது. ஒரு பருக்கை கிடைக்கவில்லை. பதினோரு ஆண்டுகளாக அங்கே யாரும் சமைப்பதே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் அவள் எதிர்பாராத ஒன்று நடந்தது. பதிலாள்கள் மணி பார்த்தன. "ஒரு கல்யாணம், தலையக் காட்டிட்டு வந்துடறேன்." "அஞ்சு மணி வண்டிக்கு டிக்கெட்." சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக நழுவி, எங்கும் போக இடமில்லாமல், வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் வேப்பமர நிழலில் வரிசையாகப் போய் நின்றன. உரியவர்கள் அந்தக் காலத்தில் எப்படி நழுவினார்களோ, அப்படியே.

அரங்கம் காலி. நிகழ்ச்சி நிரல் பலகையின் கடைசி வரி அவள் கண்ணில் பட்டது. 'மாலை 4:30. மழைக்கணி. சிறு குறிப்பு. ஏழு நிமிடம்.'

மேடையோரம் தூண் போல நின்ற மழைக்கணியிடம் போனாள்.

"என்ன குறிப்பு அது?"

"கேட்பவர் மாமன்ற உறுப்பினர், இடம் மாமன்ற அரங்கம். சொல்லலாம். இன்று மாலை ஐந்து மணிக்குக் கீழ்வளையத்தில் ஏழரை அடி வெள்ளம். மேலே அணை திறந்தாயிற்று. கீழே கடல் பொங்குகிறது. இரண்டும் உங்கள் தெருவில் சந்திக்கின்றன."

மகள் படுத்திருக்கும் கட்டில் அவள் கண்முன் வந்தது.

"இத எப்ப குடுத்தே?"

"பதினொரு நாள் முன்பு. 'மிக அவசரம்' என்று தலைப்பிட்டு."

"முகுந்தராசன்தானே கடைசில தள்ளினாரு? உண்மையச் சொல்லு."

"இல்லை. கட்டுரைகளை வரிசைப்படுத்தியவர், ஆய்வுக்குழு உறுப்பினர் தில்லைநாயகி."

ஆய்வுக்குழு வேலையையும் அவள் பதிலாள்தான் பார்த்து வந்தது. அதற்குள் எவனோ புகுந்து குளறுபடி செய்துவிட்டான் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. வேப்பமரத்தடிக்கு ஓடினாள். பட்டுப்புடவையும் சணல் பையுமாக அது நின்றுகொண்டிருந்தது.

"யாரு சொல்லி மழைக்கணி கட்டுரைய மாத்தினே?"

"யாரும் சொல்லலைங்க. அவசரம்னு எவனாவது போட்டிருந்தா, விளம்பரம் தேடுறான்னு சொல்லுவீங்கள்ல? தலைப்ப சிறு குறிப்புன்னு மாத்தி, கடைசி அமர்வுல போடுவீங்க. உள்ள படிக்க மாட்டீங்க. நாப்பது கட்டுரைய இருபது நிமிஷத்துல முடிப்பீங்க. நான் பதினெட்டுல முடிச்சேங்க."

அதன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை நாற்பத்தெட்டு ஆண்டுகளாகக் கூடவே வைத்துக்கொண்டு சோறு போட்டிருக்கிறாள்.

மணி ஒன்று. அழுவதற்கு நேரமில்லை. மழைக்கணியிடம் திரும்பி வந்தாள்.

"இப்பவே ஆணை போடு."

"நூறு உறுப்பினர் கூடித் தீர்மானம் போட வேண்டும்."

"பதிலாளுங்களக் கூப்பிடறேன்."

"கூப்பிடலாம். ஆனால் கடைசி நாள் பிற்பகலில் அவற்றுக்குத் தெரிந்த தீர்மானம் ஒன்றுதான். 'மேலும் ஆய்வு தேவை.'"

மனிதர்கள் வர வேண்டும். வெள்ளம் என்று சொல்லி அழைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். என் பதிலாள் அங்கேதானே இருக்கிறது என்பார்கள். பொறியாளர்களை எது ஓடிவரச் செய்யும் என்பது தில்லைநாயகிக்குத் தெரியும். அவளும் அந்த இனம்தான். சான்றிதழ்க் குழுவிலும் அவள் பெயர் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பங்கேற்புச் சான்றிதழ் அச்சான கணமே உரியவரின் வீட்டுச் சுவரில் போய் ஒளிரும். குடும்பமே கூடிநின்று பார்க்கும். தில்லைநாயகி நானூற்றுப் பன்னிரண்டு சான்றிதழிலும் பதவியை ஒரு படி இறக்கினாள். தலைமைப் பொறியாளர் துணைத் தலைமை ஆனார். துணைத் தலைமை உதவி ஆனார். உதவிப் பொறியாளர்கள் பயிற்சியாளர்கள் ஆனார்கள். செயலாளர் முகுந்தராசன் வெறும் உறுப்பினர் ஆனார். ஒன்று இருபதுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவைத்தாள்.

இரண்டு மணிக்குள் இருநூற்று ஆறு உயிராள்கள் அரங்கில் இருந்தார்கள். ஒருவர் பாதித் தாடி மழித்திருந்தார். ஒருவர் கையில் கரண்டி இருந்தது. முகுந்தராசன் தலையில் எண்ணெயும் இடுப்பில் கைலியுமாக முதல் ஆளாக மேடையேறினார்.

"எவன் செஞ்ச வேலை இது? என் மாமனார் வீட்டுக்கு வந்திருக்கறப்போ வருது இது!"

தில்லைநாயகி கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தாள். "ரெண்டு தீர்மானம் இருக்கு. முதல்ல கீழ்வளையத்துக்குத் தூக்காணை. அது முடிஞ்சாத்தான் சான்றிதழ் விவகாரம்."

மழைக்கணி தன் குறிப்பைப் படித்தது. ஏழரை அடி, ஐந்து மணி, அறுபத்து மூவாயிரம் பேர். ஒருவர் காதிலும் விழவில்லை.

"பாஸ்! பாஸ்! ரெண்டாவதுக்கு வாங்க!" என்று கத்தினார் முகுந்தராசன். இருநூற்று ஆறு கைகள் எழுந்தன. அறுபத்து மூவாயிரம் உயிர்கள் பதினோரு நொடியில் தப்பின. ஒரு கேள்வி இல்லை, சின்னதாக ஒரு கருத்துகூட இல்லை.

இரண்டாம் தீர்மானம் மாலை ஆறரை வரை ஓடியது. இடையில் ஐந்து மணிக்கு, சொன்னபடியே, கடலும் ஆறும் கீழ்வளையத்தில் சந்தித்தன. நீரேற்றி இயந்திரங்கள் பத்தே நிமிடத்தில் கையை விரித்தன. கலங்கிய தண்ணீர் தெருவை அடைத்துக்கொண்டு மரக்கிளைகளையும் வண்டிகளையும் உருட்டிச் சென்றது. அதற்கு மேலே ஒன்றரை அடி இடைவெளியில், நெட்டைக்கால் வைத்து நின்ற வீடுகளின் ஜன்னல்களில், ஜனங்கள் காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சான்றிதழ்க் குற்றத்தை தில்லைநாயகி தானே ஒப்புக்கொண்டாள். அவளை மெய்யாகவே பயிற்சியாளர் ஆக்கினார்கள். அவளுக்கு அதில் கடுகளவும் வருத்தமில்லை. மகள் உயிரோடு இருந்தாள்; அவ்வளவு சந்தோஷமாக அவள் வீடு திரும்பியதே இல்லை.

வெள்ளம் வடிந்த நான்காம் நாள் கீழ்வளையக் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவி சூடாமணி, பத்தொன்பதாயிரம் கையெழுத்துகளுடன் ஒரு மனு கொடுத்தார். ஏழரை அடி வெள்ளம் என்று பீதி கிளப்பி வீட்டைத் தூக்கினீர்கள். எங்கள் வாசற்படிகூட நனையவில்லை. வீடு எழும்போது மாவுப் பாத்திரம் கவிழ்ந்தது, மீன் தொட்டி உடைந்தது, முதியோர் தடுமாறினர். கால் தயாரிப்பவர்களுக்கும் வடிகால் அதிகாரிக்கும் ஏதோ கள்ளக்கூட்டு இருப்பதாகச் சந்தேகிக்கிறோம். இனிமேல் வெள்ளம் வீட்டுக்குள் வந்ததை நேரில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே எச்சரிக்கை விட வேண்டும்.

நியாயமான கோரிக்கை என்று மாமன்றம் ஒருமனதாக ஏற்றது.

மனுவின் நகலில் போலிக் கையெழுத்து இருக்கும் என்ற சந்தேகத்தில் தில்லைநாயகி ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தாள். நாற்பத்தேழாவது பெயரில் விரல் நின்றது. பக்கத்து அறையிலிருந்த மகளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, ஜன்னல்ல உக்காந்து நீதானே தண்ணியப் பாத்தே?"

"பாத்தேம்மா. வீட்டுக்குக் கீழதானே ஓடுச்சு?"

"வீடு மேல இருந்ததாலதாண்டி அது கீழ ஓடுச்சு!"

இசைவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாதாம்மா? தெருவே கையெழுத்துப் போடுது. நான் மட்டும் போடலைன்னா நம்மள என்ன நினைப்பாங்க?"