தெற்கு வீதியின் மணல் மூட்டை

காலை பத்து மணிக்குச் சற்று முன்னால், வடகால்நல்லூர் தெற்கு வீதியில், பாதாள சாக்கடைக் குழி ஒன்றுக்குள்ளிருந்து ஒரு மணல் மூட்டை வெளியே வந்தது.

அதை இழுத்துப் போட்டவர் நகராட்சிப் பொறியாளர் இளஞ்செழியன். "கேஸ் இருக்கும், யாரும் கிட்ட வராதீங்க" என்று கூட்டத்தை எதிர்ச்சாரிக்கு அனுப்பிவிட்டு, நகராட்சி வேனைக் குழியை ஒட்டி நிறுத்தினார். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மூடியைத் தாமே நெம்பித் திறந்தார். நீளக் கொக்கியால் குழிக்குள் துழாவினார். கொஞ்ச நேரத்தில், சொட்டச் சொட்ட ஒரு சணல் கோணி தார் ரோட்டில் விழுந்தது. வீடுகளுக்குள் கணுக்கால் அளவு நின்ற கறுப்புத் தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கியது.

"இது தானா அடைச்சதில்ல," என்றார் இளஞ்செழியன், மூச்சு வாங்க. "யாரோ வேணும்னே இறக்கியிருக்காங்க."

கோணியின் வாய் பச்சை நைலான் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டார். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை உடைந்தபோது, விவசாயி சிங்காரவேலு மணல் நிரப்பித் தைத்த மூட்டைகளுக்கெல்லாம் அதே பச்சைக் கயிறுதான். மீந்த மூட்டைகள் இன்னும் அவர் வயல் கரையில் கிடந்தன.

அன்று பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பதாக இருந்தது. மார்கழியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் எளிதாகக் கிடைத்தது. பாதாள சாக்கடைக் கட்டணத்தை உயர்த்தலாமா என்பதுதான் பேச்சு. ஊருக்கு வெளியே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில், கழிவுநீருக்குக் காற்று ஊட்டும் இரண்டு மோட்டார்களில் ஒன்று எரிந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. மற்றது முனகிக்கொண்டு ஓடுகிறது. அரைகுறையாகச் சுத்தமான தண்ணீர் வாய்க்காலில் விழுந்து சிங்காரவேலுவின் வயலுக்கும் சுற்றியுள்ள வயல்களுக்கும் போகிறது. பயிர் கரும்பச்சையாக மதர்த்து வளர்ந்து, கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடுகிறது. அறுத்தால் பாதி பதர். கால் புண்ணாகிறது என்று களையெடுக்க ஆள் வருவதில்லை. புது மோட்டார் வாங்கக் கட்டணத்தை உயர்த்தியாக வேண்டும் என்றது நகராட்சி. வீட்டுக்காரர்கள் முடியாது என்றார்கள்.

போன கூட்டத்தில் சிங்காரவேலு எழுந்து, "நீங்க வெளிய அனுப்புறது ஒரு நாளாச்சும் உங்க வீட்டுக்குள்ள திரும்பி வரணும். அப்பத்தான் எங்க பாடு தெரியும்" என்று சொல்லியிருந்தார். அது இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

கூட்டத்துக்காக மொபெட்டில் வந்துகொண்டிருந்த அவரைத் தெருமுனையிலேயே மறித்தார்கள். இன்ஸ்பெக்டர் வானதி ஜீப்பிலிருந்து இறங்கியபோது, சிங்காரவேலுவின் சட்டை தோளில் கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம்.

"அரெஸ்ட் பண்ணுங்க மேடம்," என்றார் நகர்மன்றத் தலைவர் துரைராசு. "கோணியே சாட்சி."

வானதி கோணியைப் பார்த்தார். குழி மூடியைப் பார்த்தார். "கூட்டத்தை நாலு மணிக்கு வெச்சுக்குங்க. அதுவரைக்கும் இவர் மேல யாரும் கை வைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, சிங்காரவேலுவுக்கு ஜீப்பின் முன் கதவைத் திறந்துவிட்டார்.

ஸ்டேஷனில் அவருக்கு டீ வந்தது. உதடு எரிந்ததால் ஆற வைத்துக் குடித்தார்.

"மூட்டை உங்களுதுதானுங்களா ஐயா?"

"என்னோடதுதான். ஆனா நான் கொண்டாரல."

"காலைல எங்க இருந்தீங்க?"

"எட்டரைலேர்ந்து பிளான்ட்டுல. தண்ணி வெளிய விழுற எடத்துல ஒரு பாட்டில் பிடிச்சேன். மீட்டிங்ல காட்டலாம்னு. சித்தீக் தம்பியும் இருந்தாரு."

சித்தீக் தெற்கு வீதியின் கடைசியில் உள்ள நீரேற்று நிலையத்தின் ஆபரேட்டர். தெருவின் கழிவுநீர் எல்லாம் சரிவில் ஓடி அங்கேதான் சேரும். அங்கிருந்து பம்ப் அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும். வானதி அவரையும் வரவழைத்தார்.

"நீங்க ஏன் பிளான்ட்டுக்குப் போனீங்க?"

"சாம்பிள் பிடிச்சுட்டு வரச் சொல்லி இன்ஜினியர் சார்தான் அனுப்புனாரு மேடம்."

"பம்ப்?"

"ஆட்டோல ஓடும். போறப்ப ஓடிச்சு. திரும்பி வந்தப்பவும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

"அந்த ரூம் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. ஆபீஸ்ல சார்கிட்ட ஒண்ணு."

சித்தீக்கும் சிங்காரவேலுவும் ஒருவருக்கொருவர் சாட்சி. வெளியே கேட்டால், இரண்டு பேரும் கூட்டு என்றுதான் சொல்வார்கள். தவிரவும், மூட்டையை முந்தின இரவே இறக்கியிருக்கலாம்.

"அறுப்புக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு ஐயா?" என்று கேட்டார் வானதி.

"தை பொறந்ததும். மிஷினுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்." சிங்காரவேலு டம்ளரைக் கீழே வைத்தார். "என்னைய உள்ள வெச்சிட்டா நிக்கிற கதிரும் போயிடுங்க மேடம். பையன் மஸ்கட்ல இருக்கான். பார்க்க ஆள் இல்ல."

வானதி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தெற்கு வீதி மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. மூட்டை கிடைத்த குழி தெருவின் நடுவில், பூவிழி என்ற பெண்ணின் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அவள் வீட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்துச்சும்மா தண்ணி?"

"புள்ளைங்களை வேன்ல ஏத்திவிட்டுட்டு வந்து உக்காந்தேன் மேடம். பாத்ரூம்ல கொப்புளிக்கிற மாதிரி சத்தம். ஒம்பது தாண்டியிருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தா, கறுப்பா மேல வருது. வீடியோகூட எடுத்தேன். ஸ்டேட்டஸ்ல போட்டு நகராட்சி மானத்தை வாங்கலாம்னு."

வானதி அந்த வீடியோவைப் பார்த்தார். கேட்டைத் தாண்டிச் சாக்கடைத் தண்ணீர் தெருவோரமாக ஓடியது. அதற்கு அப்பால், ரோட்டைவிடச் சற்று உயர்ந்திருந்த குழி மூடியின்மேல் பெரிய மார்கழிக் கோலம். நடுவில் பூசணிப்பூ. ஓர் இழைகூடக் கலையவில்லை.

"மூடி மேலயா கோலம் போடுறே?"

"அதுதான் மேடம் சமமா இருக்கும். ரோடு பூரா ஜல்லி."

"எத்தனை மணிக்குப் போட்டே?"

"விடியறதுக்கு முந்தி. கலர் குடுத்து முடிக்கிறப்ப கோயில் மைக்ல பாட்டு ஆரம்பிச்சிருந்துச்சு."

"குளிக்கிற, துவைக்கிற தண்ணியெல்லாம் காலைல சரியாப் போச்சா?"

"ஒரு கஷ்டமும் இல்ல. நாங்க நாலு பேரும் குளிச்சாச்சு."

வானதி சரிவில் கிழக்கே நடந்தார். கடைசிக் கடை ஆமினாவின் தையல் கடை. அதற்கு அடுத்த சுவர் நீரேற்று நிலையம். ஆமினா, நனைந்துபோன பட்டுத் துணிகளைக் கயிற்றில் விரித்துக்கொண்டிருந்தார். ஒரு நிக்காஹுக்குத் தைத்தவை. தரையில் அடுக்கியிருந்ததால் ஓரமெல்லாம் கறை ஏறிவிட்டது.

"உங்க கடைக்கும் வந்துச்சா?"

"எனக்குத்தாங்க மொதல்ல. மேல வீடுகள்ல யாருக்கும் அப்ப வரல. நான் போய்ப் பூவிழியைக் கூப்பிட்டுக் கேட்டேன், உனக்கும் வருதான்னு. இல்லக்கான்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவும் கத்துது."

"கரண்ட் இருந்துச்சா?"

"மெஷின்ல தைச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"வேற ஏதாச்சும்? வழக்கமில்லாததா?"

ஆமினா யோசித்தார். "ஒண்ணுமில்லை. ரேடியோ இன்னிக்கு ரொம்பக் கத்துச்சுன்னு குறைச்சு வெச்சேன். அவ்வளவுதான்."

வானதி தலையாட்டிவிட்டு, தெருவின் மேற்கு முனைக்குப் போனார். அங்கே இருந்தது தலைவர் துரைராசுவின் வீடு.

"நமக்கு ஒரு சொட்டு வரலைங்க," என்றார் துரைராசு, வாசலில் நின்றபடி. "மேட்டுல இருக்கோம்ல. ஆண்டவன் புண்ணியம்."

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் வானதி ஒரு பிளேடை எடுத்து, எழுத்தர் முன்னிலையில், கோணியின் வயிற்றைக் கீறினார். மேல் மணல் ஈரத்தில் கட்டியாக இருந்தது. உள்ளே முழங்கை வரை விட்டு ஒரு பிடி எடுத்து, விரல்களைப் பிரித்தார். மணல் பொலபொலவென்று மேஜையில் உதிர்ந்தது.

மாலை நாலு மணிக்கு மண்டபம் நிரம்பி, வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். மேடையில் துரைராசு, பக்கத்தில் இளஞ்செழியன். முன்வரிசையில் கிழிந்த சட்டையோடு சிங்காரவேலு உட்கார்ந்ததும் முணுமுணுப்பு எழுந்தது.

வானதி மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் சீர்காழிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்தப் பேச்சு தானாக வந்தது.

"ஒண்ணு கேக்குறேன். ஓடுற வாய்க்காலை நடுவுல மூட்டை போட்டு அடைச்சா, தண்ணி எந்தப் பக்கம் ஏறும்?"

"மேப்பக்கம்," என்றன பல குரல்கள்.

"கீழ்ப்பக்கம்?"

"வத்திப்போகும்."

"தெற்கு வீதியில சாக்கடை மேற்கேர்ந்து கிழக்கே ஓடுது. பூவிழி வீட்டு வாசல்ல அடைச்சா, தலைவர் வீட்டுப் பக்கம் பொங்கியிருக்கணும். ஆமினா கடை காஞ்சிருக்கணும். இன்னிக்கு நடந்தது தலைகீழ். மொதல்ல கடைசிக் கடை. அப்புறம் நடுவீடு. மேட்டு வீட்டுக்கு வரவே இல்ல. அப்படின்னா அடைப்பு தெருவுக்குள்ள இல்ல. தெரு முடியுற எடத்துல தண்ணி வெளியேறாம நின்னுருக்கு. அங்க இருக்கிறது பம்ப்."

வானதி ஆமினா இருந்த பக்கம் கை காட்டினார்.

"பம்ப் நின்னுச்சா? ஆமினா சொன்னாங்க, ரேடியோ கத்துச்சுன்னு. தினமும் சுவத்துக்கு அந்தப் பக்கம் பம்ப் இரையும். அதுக்கு மேல கேக்குற மாதிரி ரேடியோவை வெச்சிருப்பாங்க. இன்னிக்கு இரைச்சல் இல்ல. கரண்ட் இருந்துச்சு, மெஷின் ஓடிச்சு. அப்போ பம்ப்பை யாரோ கையால நிறுத்தியிருக்காங்க."

"அப்ப மூட்டை?" என்றார் துரைராசு.

"ராத்திரியே இறக்கியிருந்தா, காலைல எல்லாரும் குளிச்ச தண்ணியே மேல வந்திருக்கணும். வரல. விடிஞ்சப்புறம் இறக்கியிருந்தா, மூடி மேல இருந்த கோலம் கலைஞ்சிருக்கணும். தண்ணி பொங்குற வீடியோவுலகூடக் கோலம் அப்படியே இருக்கு. அந்த மூடியை இன்னிக்கு மொதமொதல்ல திறந்தவர் ஒருத்தர்தான். அதுவரைக்கும் குழிக்குள்ள மூட்டையே கிடையாது. மணல் உள்ள காஞ்சு கிடக்கு. வேன்லேர்ந்து எடுத்து, வேன் மறைவுல உள்ள முக்கி, வெளிய இழுத்திருக்காங்க."

வானதி மேடைப் பக்கம் திரும்பினார்.

"சித்தீக்கை வெளிய அனுப்புனது நீங்க. இன்னொரு சாவி உங்ககிட்ட. பம்ப்பை நிறுத்தி, மறுபடி போட்டுட்டு, தண்ணி இறங்கப்போற நேரமாப் பார்த்து மூடியைத் திறந்ததும் நீங்க. சரிதானே சார்?"

இளஞ்செழியன் மறுக்கவில்லை.

"தெருவுல கொஞ்சம் தேங்கும்னு நெனச்சேன்," என்றார். "வீட்டுக்குள்ள ஏறும்னு நெனைக்கல. இருக்கிற ஒரு மோட்டாரும் இந்தக் கோடையைத் தாண்டாது. ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்றேன். கட்டணம்னு வாயெடுத்ததும் எழுந்து போயிடுறாங்க. நாத்தம் பக்கத்துல வந்தா உக்காந்து கேப்பாங்கன்னு..."

"அது வரைக்கும் எனக்குப் புரியுது. மூட்டை எதுக்கு?"

"பம்ப் நின்னுச்சுன்னு தெரிஞ்சா நகராட்சி மேலதான் பழி வரும். யாராச்சும் அடைச்சாங்கன்னு இருந்தா..."

"நகராட்சி குடோன்ல கோணியும் இருக்கு, மணலும் இருக்கு. நீங்க வாய்க்கால் கரைக்குப் போய், இவரு தைச்ச மூட்டையைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. போன கூட்டத்துல இவரு பேசினது உங்களுக்கு வசதியாப் போச்சு."

இளஞ்செழியன் நிமிரவில்லை. "ஆமா" என்று சொன்னது மைக் இல்லாமலே முன்வரிசைக்குக் கேட்டது.

பின்னாலிருந்து கூச்சல் கிளம்பியது. ஆமினா எழுந்து கையை உயர்த்தினார். அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கட்டணம் ஏறினா ஏறட்டும்னு சொல்லத்தான் சார் நான் கடையைச் சாத்திட்டு வர்றதா இருந்தேன்," என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். இப்ப அந்தக் கல்யாணப் பொண்ணு வீட்டுல போய் நான் என்ன சொல்லுவேன்?"

துரைராசு கூட்டத்தை ஒத்திவைப்பதாகச் சொல்ல வாயெடுத்தார். சிங்காரவேலு எழுந்து நின்றார்.

"ஒத்திவைக்காதீங்க," என்றார். "இவரு பண்ணினதுக்குக் கேஸ் போடுங்க, அது வேற. மோட்டார் பத்தி இவரு சொன்னது நிசம். நான் தினம் அந்தத் தண்ணியிலதான் நிக்கிறேன். காலைல என்னைய அடிச்சவங்களும் இங்கதான் இருக்கீங்க. உங்க வீட்டுல கொஞ்ச நேரம் நின்னதுக்கே ஆளை அடிக்கிற அளவுக்குக் கோவம் வந்துச்சு. தப்புன்னு சொல்லல. வரத்தான் செய்யும்."

அவர் உட்கார்ந்தார். அதன்பிறகு பேச்சு நடந்தது, இருட்டும்வரை. சின்ன வீடுகளுக்கு உயர்வு வேண்டாம் என்றார்கள். லாட்ஜும் மண்டபமும் கூடுதலாகக் கட்டட்டும் என்றார்கள். வாய்க்காலில் விடும் தண்ணீரை மாதாமாதம் விவசாயிகள் முன்னால் பரிசோதிக்க வேண்டும் என்றாள் பூவிழி. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, சிலர் கோபமாக வெளியேறினார்கள். ஆனாலும் கை தூக்கச் சொன்னபோது, தூக்கிய கைகளே அதிகம். ஆமினாவின் துணிகளுக்கு நகராட்சி நஷ்டஈடு தருவது என்றும் எழுதிக்கொண்டார்கள்.

வாசலில் ஜீப் நின்றது. ஏறுவதற்கு முன் இளஞ்செழியன் சித்தீக்கைத் தேடினார்.

"பம்ப் பேரிங் சூடாகுது. இடையில நிறுத்தி நிறுத்தி ஓட்டு."

"தெரியும் சார்," என்றார் சித்தீக். பொறியாளரின் முகத்தைப் பார்க்கவில்லை.

சிங்காரவேலு மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். இளஞ்செழியன் இரண்டடி அவர் பக்கம் போய், ஏதோ சொல்ல முயன்றார்.

"இப்ப வேணாங்க," என்றார் சிங்காரவேலு. "இப்ப சொன்னா எனக்கு ஏறாது. அறுப்பு முடியட்டும். வயலுக்கு வாங்க, பேசுவோம்."

வண்டி இரண்டு உதையில் கிளம்பியது. வானதி அவர் தெரு திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, டிரைவரைப் போகச் சொன்னார்.