ஏழாம் கல்லில் ஒரு வேன்

மாலை நாலு மணிக்கு நீதிமன்ற மாடிப்படிக்குக் கீழே, டைப் அம்மாவின் மேஜை முன்னால் வந்து நின்றபோது டிரைவரம்மாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து நகரக் கோர்ட்டுக்கும் எதிர்க் கட்டடத்து நெடுஞ்சாலைக் கோர்ட்டுக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்து, அதை ஊக்கால் குத்தி வைத்திருந்தாள்.

"உக்காரும்மா. முதல்ல தண்ணி குடி."

"நேரமில்லைம்மா. அஞ்சு மணி அடிச்சா என் லைசென்ஸ் போயிடும்."

டைப் அம்மா அசையவில்லை. முப்பது வருஷம் இதே நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மனு டைப் அடித்துக் கொடுக்கிறவள். வீடு பற்றி எரிகிறது என்று ஓடிவந்து சொன்னாலும் "எத்தனை மணிக்குப் பிடிச்சுது?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன் அதற்கு நேர்மாறு. அம்மாவிடம் ஒரு சிக்கல் வந்துவிட்டால் போதும், கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பான். இப்போதும் வந்து நின்றான்.

டிரைவரம்மா கையிலிருந்த அபராதச் சீட்டை நீட்டினாள். நகரப் போலீஸ் கொடுத்தது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு ஐம்பத்திரண்டு, ஏழாம் கல். வேகம் ஐம்பத்தெட்டு, அனுமதி நாற்பது. கூடவே கேமரா எடுத்த மங்கலான படம். முந்தைய இரண்டு சீட்டுகள் அவள் தப்புதான், ஒப்புக்கொண்டுவிட்டாள். இது மூன்றாவது. மூன்று ஆனால் ஒரு வருஷத்துக்கு வண்டியையே தொடக் கூடாது. ஆட்சேபம் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"நகரக் கோர்ட்ல கேட்டா, அந்த ரோடு நெடுஞ்சாலைக்காரங்களோடது, அங்க போங்கறாங்க. அங்க போனா, சீட்டு நகரத்தோடது, இங்க போங்கறாங்க. நாலு தடவை பந்தாடிட்டாங்கம்மா. நான் டயாலிசிஸ் சென்டர் வேன் ஓட்டறேன். அங்க வேலை பார்க்கறதாலதான் எங்க அக்காவுக்கு வாரம் மூணு நாள் இலவசமா செய்யறாங்க. வேலை போச்சுன்னா அக்காவும்..."

"அவ்வளவு வேகமா ஓட்டினியா? எங்கிட்ட பொய் சொல்லக் கூடாது."

"தெரியலைம்மா. அன்னைக்கு அக்காவுக்கு மூச்சுத் திணறல். பின் சீட்ல படுத்து முனகிட்டே வந்தா. அந்தப் பதற்றத்துல மிதிச்சிருப்பேனோ என்னவோ."

அக்காவைக் காப்பாற்றப் போய் அக்காவுக்கே குழி தோண்டிவிட்டேனே என்று ஒரு மாதமாக அவளுக்குத் தூக்கமில்லை.

"வேன்ல யாரை எல்லாம் ஏத்துவ? வரிசையாச் சொல்லு."

"வீட்ல இருந்து அக்கா. ஊருக்கு வெளிய நெடுஞ்சாலையில யாரும் ஏற மாட்டாங்க. சுங்கச் சாவடி தாண்டினா நகரம். நாலாம் கல் கிட்ட பேக்கரிக்காரர் ஏறுவார். ஏழாம் கல் தாண்டி ஆஸ்பத்திரி முனையில ரெண்டு பேர். அவ்வளவுதான்."

"பேக்கரிக்காரர் எங்க உக்காருவார்?"

"முன்னாடிதான். நல்ல கனத்த உடம்பு. பின்னாடி உக்காந்தா வாந்தி வந்துடும்."

"அன்னைக்கு வந்தாரா?"

டிரைவரம்மா பையைத் துழாவி டிரிப் ஷீட்டை எடுத்தாள். ஏறுகிறவர் ஒவ்வொருவரும் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்கிற தாள் அது. பேக்கரிக்காரரின் கையெழுத்து இருந்தது: ஏழு மணி ஐந்து நிமிடம்.

"பிடிச்சாச்சு!" என்று ஜெராக்ஸ் கடைக்காரன் துள்ளினான். "ஆறு ஐம்பத்திரண்டுக்கு இவங்க நாலாம் கல்லுக்கே வரலை!"

"அவசரப்படாதே. கடிகாரம் முன்னப் பின்ன இருக்கும்னு ஒரே வார்த்தையில அடிச்சிடுவாங்க. நீ போய் இந்தப் படத்தைப் பெருசாக்கிட்டு வா. வேனோட முன் கண்ணாடிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியணும்."

அவன் ஓடினான். டைப் அம்மா நிதானமாக எழுந்து, செருப்பை மாட்டி, நகரக் கோர்ட் கவுன்ட்டருக்கு நடந்தாள். டிரைவரம்மாவுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் போலிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது.

கவுன்ட்டரில் நகரப் போலீஸ் ரைட்டர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். "மறுபடியுமா? அதான் சொல்லிட்டேனே."

"வேற ஒண்ணும் இல்லை தம்பி. வேகம் பிடிக்கற கேமரா உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

"எத்தனையா! ஒண்ணே ஒண்ணு. அதையும் நெடுஞ்சாலைக்காரங்களோட பங்கு போட்டுக்கறோம். ஒரு வாரம் அவங்க, ஒரு வாரம் நாங்க. திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். அதுல சேர்ந்திருக்கற படத்தை அன்னைக்கே இங்க இறக்கிச் சீட்டு அடிச்சிடுவோம்."

"இந்தச் சீட்டுல இருக்கற திங்கட்கிழமையும் நீங்கதான் வாங்கினீங்களா?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "ஆமா. எட்டு மணி பத்து நிமிஷம்."

டைப் அம்மா தலையாட்டினாள். படத்தோடு திரும்பி வந்த ஜெராக்ஸிடம் அதை வாங்கிக்கொண்டு, எதிர்க் கட்டடத்திலிருந்து நெடுஞ்சாலைப் போலீஸ் ஏட்டைக் கையோடு கூட்டிவரச் சொன்னாள். நகரக் கோர்ட் தலைமைக் குமாஸ்தா அவளிடம் வேலை கற்றுக்கொண்டவர்; அபராதச் சீட்டு ஆட்சேபங்களை முடித்துவைப்பதும் அவர்தான். அவரையும் கவுன்ட்டருக்கு அழைத்தாள். எல்லாரும் வந்து சேர்ந்தபோது மணி நாலு நாற்பது.

"ஏட்டய்யா, உங்க ஏழாம் கல் எங்க இருக்கு?"

"ஆத்துப் பாலத்துல இருந்து ஏழு கிலோமீட்டர். வெட்ட வெளி. அங்க எழுபது வரைக்கும் போகலாம்."

"ரைட்டர் தம்பி, உங்களுது?"

"நாங்க சுங்கச் சாவடியில இருந்து எண்ணுவோம். ஆஸ்பத்திரிக்கு முன்னாடி. அங்க நாப்பது."

"ஒரே ரோடு, ரெண்டு ஏழாம் கல். ஆறு ஐம்பத்திரண்டுக்குக் கேமரா யார் கையில இருந்துது? எட்டு மணிக்குத்தானே கை மாறுச்சு?" என்றாள் டைப் அம்மா. "அதுவரைக்கும் ஏட்டய்யாகிட்ட, அவரோட ஏழாம் கல்லுல நின்னுது. அது அங்க எடுத்த படம், வாங்கினப்போ உள்ளயே இருந்துது. நீங்க ஏழுங்கற நம்பரை மட்டும் பார்த்து, உங்க நாப்பதைப் போட்டுச் சீட்டு அடிச்சிட்டீங்க."

"கேமராவோட கடிகாரம் தப்பா இருந்தா?" என்றார் ரைட்டர், விட்டுக்கொடுக்காமல்.

டைப் அம்மா பெரிதாக்கிய படத்தை விரித்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மங்கலாக டிரைவரம்மா. பக்கத்துச் சீட்டில் யாருமில்லை.

"உங்க ஏழாம் கல்லுக்கு வர்றதுக்குள்ள நாலாம் கல்லுல பேக்கரிக்காரர் ஏறியிருக்கணும். ஏறினார்னு இதோ கையெழுத்து. அவர் முன் சீட்டை விட்டா எங்கயும் உக்கார மாட்டார். அந்த உடம்பு படத்துல விழாம இருக்காது. அப்போ இந்த வேன் இன்னும் நகரத்துக்குள்ளயே வரலை."

டிரைவரம்மா படத்தின் மேல் குனிந்தாள். அந்தப் படத்தை ஒரு மாதமாகப் பார்க்கிறாள். நம்பர் பலகையையும் ஐம்பத்தெட்டையும் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் பட்டதில்லை. நான் மிதிக்கவில்லை, கடவுளே, நான் மிதிக்கவில்லை!

ஆனால் ரைட்டர் கையை விரித்தார். "சரிதான். ஆனா படம் எங்களோடது இல்லைன்னா அதை நான் எப்படி ரத்து பண்றது? அவர்தான் பண்ணணும்."

"சீட்டு என்னோடது இல்லையே, நான் எப்படிய்யா பண்றது?" என்றார் ஏட்டு.

மணி நாலு ஐம்பது. டிரைவரம்மா வாசல் பக்கம் திரும்பி நடந்தாள். ஜெராக்ஸ் பாய்ந்து அவளை மறித்தான். "போயிடாதீங்க. அம்மா இன்னும் முடிக்கலை."

டைப் அம்மா ஆளுக்கொரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "ரத்து எல்லாம் வேண்டாம். காலையில இருந்து இவகிட்ட வாயால சொன்னதையே எழுதிக் குடுங்க. இது எங்க கேஸ் இல்லைன்னு."

இருவர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. பொறுப்பைத் தட்டிக்கழித்து எழுதுவதில் இரண்டு ஆபீஸுக்கும் கை தேர்ந்த பழக்கம். படம் எங்கள் எல்லையில் எடுத்ததல்ல என்று ரைட்டர் எழுதினார். எழுபதுக்கு ஐம்பத்தெட்டு, எங்களிடம் வழக்கே இல்லை என்று ஏட்டு எழுதினார். இரண்டு தாளையும் தலைமைக் குமாஸ்தா படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ரெண்டு போலீஸும் வேண்டாம்னு சொன்ன சீட்டை நான் யார் பேர்ல விசாரிக்கறது?" என்று சொல்லி, அபராதச் சீட்டின் மேல் 'தள்ளுபடி' முத்திரையைக் குத்தினார். கடிகாரம் ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது.

ஆறு மணிக்கு டயாலிசிஸ் சென்டர் வாசலில், வீடு திரும்ப, டிரைவரம்மா அக்காவைப் பின் சீட்டில் படுக்க வைத்தாள். பேக்கரிக்காரர் மூச்சு வாங்க ஏறி முன் சீட்டை நிறைத்தார்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

டிரைவரம்மா பக்கத்தில் இருந்தவரின் பெரிய தோளை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"ஒண்ணும் இல்லைக்கா. புதன்கிழமை காலையில ஆறரைக்கு ரெடியா இரு."